சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: பால் பாக்கெட்டிலிருந்து புகார்ப் படிவம் வரை

இங்கே வந்து இறங்கிய முதல் வாரத்தில் எல்லோரும் கேட்பது இரண்டு கேள்விதான். எந்தப் பால் வாங்கலாம், சாப்பாடு எங்கே நன்றாக இருக்கும். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதை உடம்புக்கு வந்த பிறகுதான் கேட்கிறார்கள்: "இதை யாரிடம் போய்ச் சொல்வது?" எங்கள் அடுக்குமாடி புளோக்கில் புதிதாக யார் குடிவந்தாலும், தெரிந்த தம்பிகள் யார் வேலைக்கு வந்தாலும் இந்த மூன்றையும் வாயால் சொல்லிச் சொல்லியே வருடங்கள் ஓடிவிட்டன. இப்போது எழுதி வைக்கிறேன், தேவைப்படுகிறவர்களுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள்.

முதலில், யார் பார்த்துக்கொள்கிறார்கள்

ஊரில் பால் என்றால் பால்காரரைத் தெரியும், சில வீடுகளில் மாட்டையே தெரியும். தண்ணீர் கலந்தால் வாசலிலேயே சண்டை போடலாம். சிங்கப்பூரிலும் ஒருகாலத்தில் அப்படித்தான் இருந்தது. லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்காவில் பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தெரு இருக்கிறதே, இரண்டுக்கும் பொருள் எருமைதான், ஒன்று ஆங்கிலத்தில், ஒன்று மலாயில். அந்தப் பக்கமெல்லாம் மாட்டுத் தொழுவங்கள் இருந்த இடம், நம்மவர்கள் பால் கறந்து வீடு வீடாகக் கொடுத்த இடம். இன்றைக்கு நாம் சாப்பிடுவதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. மாட்டை நாம் பார்க்க முடியாது. அதனால் நமக்காக வேறு யாரோ பார்க்க வேண்டியிருக்கிறது.

அந்த வேலை சிங்கப்பூர் உணவு அமைப்புடையது, எல்லோரும் எஸ்எஃப்ஏ என்றுதான் சொல்வார்கள். 2019 ஏப்ரல் 1ஆம் தேதி தொடங்கியது. அதற்கு முன் இறக்குமதியையும் பண்ணைகளையும் ஒரு அமைப்பு பார்த்தது, கடைகளைத் தேசியச் சுற்றுப்புற வாரியம் பார்த்தது. இப்போது கப்பலில் வரும் பால் பவுடரிலிருந்து கோப்பிக்கடையில் ஆற்றிக் கொடுக்கும் தே தாரிக் வரை ஒரே கையில் இருக்கிறது. உணவங்காடி நிலையத்தில் மேசை அழுக்கு, கழிவறை நாற்றம், எலி ஓடுகிறது என்றால் அது இன்னமும் சுற்றுப்புற வாரியத்தின் பக்கம். பலருக்கு ஒரே நேரத்தில் வயிற்றுக்குச் சேரவில்லை என்றால் எஸ்எஃப்ஏவோடு சேர்ந்து தொற்றுநோய் அமைப்பும் விசாரிக்கும், அது 2025 ஏப்ரலில் சுகாதார அமைச்சின் கீழ் தொடங்கப்பட்டது. தவறான இடத்துக்கு எழுதிவிட்டோமோ என்று ரொம்பக் கவலைப்படாதீர்கள், எழுதாமல் இருப்பதுதான் தவறு.

பால் வாங்கும்போது

இங்கே பேரங்காடியில் இருக்கும் பால் எல்லாம் கிருமி நீக்கிய பால். பச்சைப் பாலைக் கடையில் விற்க அனுமதி இல்லை. குளிர்பெட்டியில் இருப்பது பாஸ்ச்சரைஸ் செய்தது, அதாவது 72 டிகிரியில் 15 விநாடி போலச் சூடாக்கி உடனே குளிர வைத்தது. வெளியே அலமாரியில் அட்டைப்பெட்டியில் அடுக்கியிருப்பது யூஎச்டி, 135 டிகிரிக்கும் மேலே சில விநாடி சூடாக்கி, கிருமி போகாதபடி அடைத்தது. இரண்டும் நல்ல பால்தான். "அட்டைப்பெட்டிப் பாலில் மருந்து போடுகிறார்கள், அதனால்தான் கெடுவதில்லை" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சூடும் அடைப்பும்தான் காரணம், திறந்துவிட்டால் அதுவும் சாதாரணப் பால் மாதிரியே கெடும்.

நம் வீடுகளில் பாலைக் காய்ச்சாமல் விடமாட்டோம். காய்ச்சிக்கொள்ளுங்கள், ருசிக்கு நல்லது, ஆனால் பாதுகாப்புக்காக அது தேவையில்லை. உண்மையில் ஆபத்து காய்ச்சிய பிறகுதான் வருகிறது. காலை ஏழு மணிக்குக் காய்ச்சி, அடுப்பு மேலேயே மூடி வைத்து, வேலைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வந்து அதே பாலில் பிள்ளைக்கு போர்ன்விட்டா கலக்குகிற வழக்கம் ஊரில் ஓடியிருக்கலாம், இங்கே வருடம் முழுக்க முப்பது டிகிரியை ஒட்டிய வெயிலில், காற்றோட்டம் இல்லாத சமையலறையில் அது சரிப்படாது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் இருக்கும் உணவில் கிருமி பெருகும். இந்த இரண்டு எண்களை மட்டும் மனசில் வைத்துக்கொண்டால் இந்தக் கட்டுரையில் பாதி முடிந்தது.

கடையில் சுற்றும்போது பாலைக் கடைசியாக எடுங்கள். மூன்று மணிநேரம் தேக்காவில் அலைந்துவிட்டுப் பேருந்தில் கொண்டுவந்த பாலின் மேல் அச்சடித்த தேதிக்கு அர்த்தம் இல்லை, அந்தத் தேதி குளிரிலேயே இருந்த பாலுக்குப் போட்டது. குளிர்பெட்டிக் கதவில் அழகாக ஒரு தட்டு கொடுத்திருப்பான், பாலை அங்கே வைக்காதீர்கள், கதவைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் சூடு வாங்குவது அந்தத் தட்டுதான். உள்ளே பின்பக்கமாகத் தள்ளி வையுங்கள். பாக்கெட்டைத் திறந்த தேதியை மேலே ஒரு பேனாவால் எழுதிவிடுங்கள், திறந்த பிறகு எத்தனை நாள் என்று பாக்கெட்டிலேயே போட்டிருக்கும்.

கைக்குழந்தைக்குப் பால் பவுடர் கலக்குகிறவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள். பவுடர் பால் கிருமி முற்றிலும் நீங்கிய பொருள் இல்லை. கொதித்த தண்ணீர் 70 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்குள் பவுடரைக் கலக்க வேண்டும், கலந்த பிறகு குழந்தைக்கு ஏற்ற சூட்டுக்கு ஆற்ற வேண்டும். கலந்த பால் குளிர்பெட்டிக்கு வெளியே இருந்தால் இரண்டு மணிநேரத்துக்குள் கொடுத்து முடிக்க வேண்டும், மிச்சம் கீழே ஊற்றத்தான். ராத்திரிக்கென்று மூன்று பாட்டில் கலந்து தலைமாட்டில் வைப்பது கூடாது. தூக்கமில்லாத தாய்க்கு இது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்துதான் சொல்கிறேன். வெந்நீர் ஃபிளாஸ்க்கும் அளந்து வைத்த பவுடர் டப்பாவும் பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் சுலபம்.

பாலைப் பற்றி ஏன் இவ்வளவு என்றால், 2008இல் சீனாவில் மெலமைன் கலந்த பால் விவகாரம் நடந்தது. தண்ணீர் ஊற்றிய பாலில் புரதம் அதிகமாகத் தெரிவதற்காக பிளாஸ்டிக் தயாரிக்கும் ரசாயனத்தைக் கலந்தார்கள், குழந்தைகளின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. அந்த செப்டம்பரில் சிங்கப்பூர் சீனாவிலிருந்து வரும் பாலையும் பால் பொருள்களையும் நிறுத்தியது, கடை அலமாரிகளிலிருந்து மிட்டாய் வரைக்கும் எடுக்கச் சொன்னது. கண்ணால் பார்த்தோ நாக்கால் ருசித்தோ கண்டுபிடிக்க முடியாத விஷயம் அது. ஆய்வகம்தான் கண்டுபிடிக்கும். நம் வேலை, எஸ்எஃப்ஏ "திரும்பப் பெறு" என்று அறிவிக்கும்போது அதைக் கவனித்து வீட்டு அலமாரியைத் திறந்து பார்ப்பது. 2024 ஏப்ரலில் இந்தியாவிலிருந்து வந்த ஒரு மீன் குழம்பு மசாலாவில் எத்திலீன் ஆக்சைடு அளவுக்கு மேல் இருந்தது என்று அறிவிப்பு வந்தபோது, எனக்குத் தெரிந்து பாதிப் பேர் அதை ஒரு மாதம் கழித்துத்தான் கேள்விப்பட்டார்கள், அதற்குள் பாக்கெட் காலி. எஸ்எஃப்ஏயின் சமூக ஊடகப் பக்கம் ஒன்றையாவது பின்தொடருங்கள். அறிவிப்பில் பொருளின் பெயரோடு தேதியும் தொகுதி எண்ணும் இருக்கும், அதனால் மசாலாவை டப்பாவில் கொட்டினாலும் பாக்கெட்டைத் தூக்கி எறியாமல் மடித்து அதே டப்பாவுக்குள் போட்டு வைப்பது நல்ல பழக்கம்.

கடையில் தொங்கும் எழுத்து

உணவுக்கடை எதிலும் ஏ, பி, சி என்று ஒரு எழுத்து மாட்டியிருக்கும். 1997 முதல் ஏ முதல் டி வரை கொடுத்துவந்தார்கள். அது பெரும்பாலும் வருடத்துக்கு ஒருமுறை வந்து பார்த்த அன்றைக்குக் கடை எப்படி இருந்தது என்பதைச் சொன்னது. 2026 ஜனவரியிலிருந்து முறை மாறியிருக்கிறது. இப்போது ஏ, பி, சி, புதுக்கடைக்கு "நியூ". ஒரு நாள் சுத்தமாகத் துடைத்து வைத்தால் போதாது, பல வருடம் பெரிய தவறு இல்லாமல் நடத்தியிருக்க வேண்டும் என்பதுதான் மாற்றம், எனக்கு இது நியாயமாகப் படுகிறது. தவறு செய்கிற கடைக்குப் புள்ளிகள் ஏறும். 12 மாதத்தில் 12 புள்ளி சேர்ந்தால் உரிமத்தை இரண்டு வாரமோ நான்கு வாரமோ நிறுத்தி வைப்பார்கள், ரத்தும் செய்வார்கள். எந்தக் கடை என்பதை எஸ்எஃப்ஏ இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம்.

பானப் பாட்டிலிலும் பால் பெட்டியிலும் இதே மாதிரி ஏ, பி, சி, டி பார்ப்பீர்கள். அது வேறு. அது நியூட்ரிகிரேட், 2022 டிசம்பர் கடைசியில் வந்தது, சர்க்கரையும் கெட்ட கொழுப்பும் எவ்வளவு என்பதைச் சொல்கிறது. டி என்றால் சீனியோ கெட்ட கொழுப்போ அதிகம் என்று அர்த்தமே தவிர அசுத்தம் என்று இல்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்ல பாலைத் திரும்ப வைத்துவிட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எழுத்து ஏ என்றாலும் உங்கள் கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள். காசு வாங்கிய கையாலேயே தோசையை எடுக்கிறாரா, பச்சைக் கோழி வெட்டிய பலகையிலேயே வெள்ளரிக்காய் நறுக்குகிறாரா என்று ஒரு நிமிடம் நின்று பாருங்கள். 2009 ஏப்ரலில் கேலாங் சிராய் சந்தையில் இந்தியன் ரோஜாக் (பொரித்த பண்டங்களைக் காரமான குழம்பில் தொட்டுச் சாப்பிடுவது) சாப்பிட்டு நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு உடம்பு முடியாமல் போனது, இரண்டு பெண்கள் இறந்தார்கள். விப்ரியோ என்று ஒரு கிருமி, பச்சைக் கடலுணவில் இருப்பது. சமைத்த பொருளோடு பச்சைப் பொருள் தொட்டுக்கொள்வது அவ்வளவு சின்ன விஷயமாகத்தான் தெரியும்.

கேட்டரிங் சாப்பாடும் அந்தச் சின்ன ஒட்டியும்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் நானே தவறு செய்திருக்கிறேன்.

என் பெரியவனின் ஐந்தாவது பிறந்தநாள், புளோக்குக் கீழ்த்தளத்தில் அறுபது பேருக்குச் சொல்லியிருந்தோம். சாப்பாடு பதினொன்றரைக்கு வந்தது. ஒவ்வொரு தட்டின் மூடியிலும் தீப்பெட்டி அளவுக்கு ஒரு வெள்ளை ஒட்டி (ஸ்டிக்கர்), அதில் நீலப் பேனாவால் "2.15 மணிக்குள் சாப்பிடவும்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது, ஆவி பட்டு ஒரு மூலை உரிந்து தொங்கியது. நான் அதைப் பார்த்தேன், ஏதோ கடைக்காரரின் கணக்கு என்று நினைத்துக்கொண்டேன். எல்லோரும் ஒரு மணிக்குச் சாப்பிட்டார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மிச்சம் நிறைய. வீணாக்க மனசு வரவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஐஸ்கிரீம் டப்பாக்களில் பிரியாணியை அள்ளி எதிர்வீட்டுக்குக் கொடுத்தேன். அவர்கள் ராத்திரி எட்டரைக்குச் சூடுபண்ணிச் சாப்பிட்டார்கள். பதினொரு மணிக்கு அவர்களுடைய இரண்டு பிள்ளைகளும் வாந்தி. "நல்லா சூடுபண்ணித்தானே கொடுத்தேன்" என்று அந்த அம்மா திரும்பத் திரும்பச் சொல்லி அழுததை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

அவர் மேல் எந்தத் தவறும் இல்லை. சோற்றில் வளரும் சில கிருமிகள் விஷத்தைச் சுரந்து வைத்துவிடும். கிருமி சூட்டில் செத்தாலும் அந்த விஷம் சாகாது. அதற்காகத்தான் அந்த ஒட்டி. கேட்டரிங் உரிமம் உள்ளவர்கள் சமைத்து முடித்த நேரத்திலிருந்து நான்கு மணிநேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்று கணக்குப் போட்டு அந்த நேரத்தை எழுதியே ஆக வேண்டும். உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த நேரத்திலிருந்து நான்கு மணி இல்லை, அடுப்பிலிருந்து இறக்கிய நேரத்திலிருந்து. எனவே ஆர்டர் கொடுக்கும்போதே விருந்தாளிகள் உண்மையில் எத்தனை மணிக்கு வருவார்கள் என்று யோசித்து நேரம் சொல்லுங்கள் (நம் ஆட்கள் பன்னிரண்டுக்கு அழைத்தால் ஒன்றரைக்கு வருவார்கள், அதையும் சேர்த்துத்தான்). ஒட்டி இல்லையென்றால் கேளுங்கள். நேரம் தாண்டிவிட்டால் கொடுக்காதீர்கள், கட்டிக்கொண்டு போகச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.

விடுதியில் தங்கி வேலைசெய்யும் தம்பிகளுக்கும் இதே கணக்குதான், இன்னும் கடுமையாக. விடியற்காலையில் கட்டிய மதியச் சாப்பாட்டை வேலையிடத்தில் வெயிலில் வைத்துப் பன்னிரண்டு மணிக்குப் பிரிக்கிற நிலைமை பலருக்கு இருக்கிறது. பொட்டலத்தில் நேரம் போட்டிருக்கிறதா பாருங்கள். நிழலிலாவது வையுங்கள். தேங்காய்ச் சட்னி, முட்டை போன்றவை சீக்கிரம் கெடும். புளித்த வாடை வந்தால் பசிக்காகச் சாப்பிட்டுவிடாதீர்கள், இரண்டு பேராகச் சேர்ந்து மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள், அன்றைக்கே படம் எடுத்து வையுங்கள்.

வீட்டுச் சமையல், ஊரிலிருந்து வரும் பெட்டி

வீட்டில் செய்து விற்கும் முறுக்கு, கேக், பிரியாணிக்கு எஸ்எஃப்ஏ உரிமம் தேவையில்லை. ஆனால் வெளியிலிருந்து ஆள் வைத்துச் சமைக்கக் கூடாது, கடைகளுக்கு மொத்தமாகக் கொடுக்கக் கூடாது, விசேஷத்துக்கு கேட்டரிங் எடுக்கக் கூடாது. வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, உரிமம் இல்லாத இடத்தில் எழுத்தும் தொங்காது. தெரிந்தவர், கைப்பக்குவம் தெரியும் என்றால் வாங்குங்கள். நூறு பேர் விருந்துக்கு வேண்டாம்.

ஊரிலிருந்து கொண்டுவருவதில் பால்கோவா, அல்வா, பொடி, ஊறுகாய் போன்ற தயாரித்த உணவு ஆளுக்கு 5 கிலோ, 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) மதிப்புக்குள் சொந்த உபயோகத்துக்குக் கொண்டுவரலாம். கறி, மீன், முட்டைக்குத் தனி விதி, எந்த நாட்டிலிருந்து என்பதும் உண்டு. கிளம்பும் முன் எஸ்எஃப்ஏ பக்கத்தில் பார்த்துவிடுங்கள், சாங்கி விமான நிலையத்தில் வந்து பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு யோசிக்க வேண்டாம்.

உடம்புக்கு வந்துவிட்டால்

முதலில் தண்ணீர்ச்சத்து. உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும். குழந்தை, கர்ப்பிணி, வயதானவர் என்றாலோ, ரத்தமாகப் போனாலோ, சிறுநீர் வரவில்லை என்றாலோ காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். மயக்கம், பேச்சுக் குழறல் என்றால் ஆம்புலன்ஸுக்கு 995. மருத்துவரிடம் வெறும் "வயிறு சரியில்லை" என்று சொல்லி எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். என்ன சாப்பிட்டேன், எப்போது, கூடச் சாப்பிட்ட யாருக்கெல்லாம் ஆச்சு என்று சொல்லுங்கள். சால்மொனெல்லா, டைஃபாய்டு, காலரா மாதிரி சில நோய்களை மருத்துவர் மேலிடத்துக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, நீங்கள் சொல்வதுதான் அவருக்குத் துப்பு.

அப்புறம் ஒரு பேப்பரில் கடந்த மூன்று நாள் சாப்பாட்டை எழுதுங்கள். எல்லோரும் கடைசியாகச் சாப்பிட்ட கடையைத்தான் திட்டுவார்கள். ஒன்றிலிருந்து ஆறு மணிநேரத்தில் வாந்தி என்றால் அந்த வேளைச் சாப்பாடாக இருக்கலாம், ஆனால் சால்மொனெல்லா ஆறு மணிநேரத்திலும் காட்டும், மூன்று நாள் கழித்தும் காட்டும். தப்பான கடைமேல் பழி விழுவதும் பாவம்தானே. மிச்ச உணவு இருந்தால் பையில் கட்டி, "தொடாதே" என்று எழுதிக் குளிர்பெட்டியில் வையுங்கள். ரசீதையும் வையுங்கள்.

பிறகு எஸ்எஃப்ஏ இணையதளத்தில் இருக்கும் கருத்துப் படிவம். இங்கேதான் நம் ஆட்கள் தயங்குகிறார்கள். "அக்கா, புகார் கொடுத்தா பெர்மிட்டுக்குப் பிரச்சினை வராதா?" என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டான், மூன்று நாள் காய்ச்சலோடு. வராது தம்பி. சாப்பாட்டைப் பற்றிச் சொல்வதற்கும் வேலை அனுமதிக்கும் சம்பந்தம் இல்லை. இன்னும் சிலருக்கு, "நம்ம ஊர்க்காரர் கடை, பிழைப்பைக் கெடுக்கலாமா" என்ற மனசு. அது நல்ல மனசுதான், ஆனால் அதே கடையில் நாளைக்கு ஒரு கர்ப்பிணிப் பெண் சாப்பிடுவாள். ஒருவர் எழுதினால் அது ஒரு வயிற்றுவலி. ஒரே கடையைப் பற்றி நான்கு பேர் தனித்தனியாக எழுதினால்தான் அதிகாரிகளுக்கு அங்கே ஏதோ நடக்கிறது என்று தெரியும், அதனால் கூடச் சாப்பிட்டவர்களையும் எழுதச் சொல்லுங்கள்.

கோபத்தைக் கொட்டாமல் விவரத்தை எழுதுங்கள். ஆங்கிலம் நன்றாக வராவிட்டாலும் பரவாயில்லை, சின்னச் சின்ன வாக்கியம் போதும், பிள்ளைகளை விட்டு எழுதச் சொல்லலாம். நான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கும் மாதிரி இதுதான்: "சனிக்கிழமை மதியம் 1.10க்கு, இந்த புளோக், இந்த எண்ணுள்ள கடையில் மூன்று பேர் கோழி பிரியாணி வாங்கிச் சாப்பிட்டோம், அதில் இரண்டு பேர் வெள்ளரிப் பச்சடியும் சாப்பிட்டோம். மாலை 5 மணிக்கு எனக்கு வாந்தி, 7 மணிக்கு இன்னொருவருக்கு வயிற்றுப்போக்கு. பச்சடி சாப்பிடாதவருக்கு ஒன்றும் இல்லை. ஞாயிறு காலை மருத்துவரைப் பார்த்தோம். ரசீதும் மிச்சப் பச்சடியும் இருக்கிறது." மூன்றாவது ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற அந்த வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள், விசாரிக்க வருகிறவர் முதலில் தேடுவது அதைத்தான்.